கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்

2014 ஏப்ரல் 8, செவ்வாய். ஸர்கா, ஜோர்டான்

கேமராப் பட்டை அறுந்துவிட்டது. வியாழக்கிழமை கல்யாணத்தில் அறுந்திருந்தால் கேமரா நேராகக் கேக்கில் போய் விழுந்திருக்கும். நல்லவேளை, இன்று சமையலறையில் அறுந்தது.

புதுப் பட்டை வாங்க ஸ்டூடியோவுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை நான் அங்கே போகிற வழக்கமில்லை. வியாழனும் வெள்ளியும் கல்யாண ஹால்களில் பெண்கள் பக்கம் படம் எடுப்பேன், சனிக்கிழமை மெமரி கார்டைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அதோடு சரி. மிச்சத்தை உள்ளே முதலாளியின் மனைவி உம் ஸுஹைப் பார்த்துக்கொள்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

முன்னறையில் யாரும் இல்லை. பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் மஜ்தி, முதலாளியின் அண்ணன் மகன். ஒரு கையில் ஃபலாஃபில் ரொட்டி, மறு கையில் மவுஸ். திரையில் போன வாரக் கல்யாணம், பெண்கள் ஹால். மணமகளின் சித்தி தலையில் துணி இல்லாமல், கையில்லாத சட்டையில் ஆடிக்கொண்டிருக்கிறாள். நான் எடுத்த படம். அவன் அவளுடைய தோளைப் பெரிதாக்கி, அங்கே இருந்த மச்சத்தை அழித்துக்கொண்டிருந்தான்.

வாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? 'எடுப்பதும் பெண், திருத்துவதும் பெண், அச்சிடுவதும் பெண்.' அந்தச் சித்தியிடம் நான் என்ன சொன்னேன்? "ஆடும்மா, தைரியமா ஆடு. ஒரு ஆம்பளைக் கண்ணுல இது படாது, நான் பொறுப்பு."

இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? எண்ணிப் பார்க்க ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். பட்டை வாங்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையிலேயே போய்க் கத்தினேன். முதலாளி அபூ ஸுஹைப் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசு ருதைனா. அவன் பார்க்கறதில்ல, திருத்தறான். டாக்டர் உடம்பைப் பார்க்கறதில்லையா?"

"டாக்டர் ஃபலாஃபில் தின்னுக்கிட்டா பார்ப்பாரு?"

உம் ஸுஹைப் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் அச்சு மட்டும்தான் போடுகிறாளாம். மவுஸைத் தொட்டதே இல்லையாம். என் முகத்தைப் பார்க்காமல் தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சரி, வேற யார் செய்வா? நீயா?" என்றார் அவர்.

மஜ்தி சிரித்தான். "அக்கா, இது ஷட்டரை அமுக்கற வேலை இல்ல. லேயர், மாஸ்க், சேனல், கர்வ்ஸ்... பேரைக் கத்துக்கவே உங்களுக்கு ஒரு வருஷம் ஆகும்."

எனக்கு வாயில் என்ன வந்ததோ சொல்லிவிட்டேன். "ரமதானுக்கு முன்னாடி ஒரு முழு ஆல்பத்தை நானே செஞ்சு காட்டறேன். காட்டிட்டா நீ அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கணும். அதுவரைக்கும் கார்டு என்கிட்டதான் இருக்கும்."

அபூ ஸுஹைப்புக்கு வேறு வழியில்லை. ஹால்காரர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். "ஒரு ஆல்பம்" என்று விரலைத் தூக்கிக் காட்டினார். "கெடுத்தா, நீ வாயை மூடிக்கிட்டுப் பழையபடி கார்டைக் கொண்டுவந்து கொடுக்கணும்."

நாற்பத்து மூன்று வயதில் சபதம் போட்டிருக்கிறேன். எனக்கு மவுஸின் வலது பொத்தான் எதற்கு என்றே தெரியாது.

ஏப்ரல் 12, சனி

கீழ்த்தெருவில் தையல்கடை வைத்திருக்கிற சதனாய்தான் கதி. பூத்தையல் மெஷினுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறாள். விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னேன்.

"எங்க செர்க்கேசியக் கல்யாணத்துல ஆணும் பெண்ணும் ஒரே வட்டத்துல ஆடுவோம். எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லடி" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அந்தப் பொண்ணுங்ககிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

சொல்லவில்லை. சொன்னால் மஜ்திக்கு என்ன ஆகும்? நாலு திட்டு. அந்தச் சித்திக்கு என்ன ஆகும்? அவள் புருஷன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்லவில்லை. இது நியாயமா, பயமா என்று எனக்கே விளங்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

வீடியோவில் பாடம் நடத்துகிறவர் எகிப்துக்காரர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ரொம்ப சுலபம், என் கண்ணே" என்கிறார். அவர் கண்ணே என்று சொல்லும்போதெல்லாம் ஏதோ கஷ்டமானது வரப்போகிறது என்று புரிந்துகொண்டேன்.

இன்று லேயர். படத்தின்மேல் கண்ணாடித்தாளை வைத்து அதில் வரைகிற மாதிரி. கீழே இருக்கிற படத்துக்கு ஒன்றும் ஆகாது. நான் கண்ணாடித்தாளை வைக்க மறந்து படத்திலேயே தீட்டிவிட்டேன். சதனாயின் பேத்தி பிறந்தநாள் படம். குழந்தைக்கு இப்போது பச்சை மீசை.

ஏப்ரல் 17, வியாழன்

பிரஷ் வேலை செய்யவில்லை. காலை முழுக்கத் தீட்டினேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. மெஷினை அணைத்து அணைத்துப் போட்டேன். மவுஸை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் படத்தின் மூலையில், கடுகளவு இடத்தைச் சுற்றி, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு புள்ளிக்கோடு. அந்தக் கடுகை நான் எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டேனாம். தேர்ந்தெடுத்த இடத்துக்குள்ளே மட்டும்தான் பிரஷ் தீட்டுமாம்! ஏன், "அம்மா, அங்கே ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறாய், விடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு என்ன குறைந்துபோகும்? கண்ட கண்ட நேரத்தில் "நிச்சயமா? நிச்சயமா?" என்று கேட்கத் தெரிகிறது.

சாயந்திரம் கல்யாணத்துக்குப் போய்ப் படம் எடுத்தேன். ஷட்டர் எவ்வளவு நல்ல பிள்ளை!

ஏப்ரல் 23, புதன்

மாஸ்க். கறுப்பைப் பூசினால் மறைக்கும், வெள்ளையைப் பூசினால் காட்டும். வாத்தியார் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார், ரொம்ப சுலபம் என் கண்ணே என்று. எனக்கா? பதினைந்து வயதிலிருந்து கறுப்பு அபாயா போடுகிறவளுக்கா? முதல் தடவையிலேயே பிடிபட்டது.

அழிப்பான் வேறு, மாஸ்க் வேறு. அழித்தால் போனது போனதுதான். மாஸ்க்கால் மறைத்தது உள்ளேயே இருக்கும், வேண்டும்போது வெள்ளையை எடுத்துத் திரும்பக் கொண்டுவரலாம். இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மஜ்தி அழிப்பான்காரன்.

மே 3, சனி

கார்டு கேட்டு மஜ்தி போன் செய்தான். கொடுக்க முடியாது என்றேன்.

"என்ன அக்கா, ஹீலிங் வரைக்கும் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"ஹீலிங்குக்கும் குளோனுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க பார்ப்போம்."

"குளோன் பக்கத்து இடத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து ஒட்டும். ஹீலிங் கொண்டுவந்து, இருக்கிற நிறத்தோட கலந்துவிடும். இப்ப போனை வை."

வைத்துவிட்டான். வீட்டுக்குள் நான் மட்டும் ஒரு குலவை போட்டேன். மேல்மாடியில் எனக்கு என்ன ஆயிற்றோ என்று கீழ்வீட்டிலிருந்து அண்ணன் வாஸிஃப் கூப்பிட்டுக் கேட்டான்.

மே 15, வியாழன்

என் சபத ஆல்பம் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். உம் ஃபவாஸின் மகன் ஃபவாஸுக்குக் கல்யாணம். மணமகள் ஷீமா. உம் ஃபவாஸ் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு மகள்கள் கல்யாணத்துக்கும் எங்களிடம்தான் படம். ஹாலில் அவள் ஆடினால் நாற்காலிகள் ஒதுங்கும்.

கடைசியில் மாப்பிள்ளை உள்ளே வருகிறான் என்று அறிவித்தார்கள். பெண்கள் எல்லாம் துணியைத் தேடி ஓடினார்கள். ஃபவாஸ் வந்து, நிச்சயத்தில் ஷீமாவின் வலது கையில் போட்ட மோதிரத்தைக் கழற்றி இடது கையில் போட்டான். உம் ஃபவாஸ் அழுதாள். "இப்பத்தான் இவ என் வீட்டுப் பொண்ணு" என்றாள். அதையும் எடுத்தேன்.

ஷீமா என் காதில், "அக்கா, நிஜமாவே வேற யாரும் பார்க்க மாட்டாங்கல்ல?" என்றாள். மாட்டார்கள் என்றேன். இந்தத் தடவை அதைச் சொல்ல எனக்கு வாய் கூசவில்லை.

மே 21, புதன்

ஸ்டூடியோ வழக்கம் ஒன்று இருக்கிறது. வருகிற மணமகள் எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே இடுப்பு. அதற்கு ஒரு கருவி. மாவைப் பிசைகிற மாதிரி சதையைத் தள்ளலாம். ஷீமாவின் மூக்கில் அதை வைத்துப் பார்த்தேன். ஒரு நொடியில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிட்டாள். திரும்ப எடுத்தேன். அவளுடைய அப்பாவின் மூக்கு அது. அவர் மண்டப வாசலில் நின்றபோது பார்த்தேனே. இருக்கட்டும்.

கீழ்க்கண்ணின் கறுப்பை மட்டும் லேசாக்கினேன், முழுக்க எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எந்தப் பெண் தூங்கியிருக்கிறாள்?

மே 27, செவ்வாய்

கர்வ்ஸ் பிடிபட்டுவிட்டது. ஒரு சாய்கோடு. அதன் மேல்பகுதியை இழுத்தால் வெளிச்சம், கீழ்ப்பகுதியை அழுத்தினால் இருட்டு. ஹாலின் மஞ்சள் விளக்கு எல்லாரையும் காமாலைக்காரி ஆக்கியிருந்தது. சரி செய்தேன். சதனாய் எட்டிப் பார்த்து, "துணிக்குச் சாயம் போடற கை உனக்கு வந்துடுச்சு" என்றாள். அவள் லேசில் யாரையும் பாராட்ட மாட்டாள்.

சேனல் இன்னும் புரியவில்லை. புரியாவிட்டால் போகட்டும். மஜ்திக்கும் புரிந்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

ஜூன் 4, புதன்

முடிந்தது! முழு ஆல்பம். நடுப்பக்கத்தில் ஷீமா தனியாக, கன்னத்தில் கை வைத்தபடி, எதிர்ப்பக்கத்தில் அவளுடைய அம்மா. இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இருந்தது. ஷீமாவின் படத்தை ஃபிளிப் செய்தேன், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திரும்பியது. இப்போது தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். என்ன அழகு! அந்தப் படத்தையே படுக்கையறைச் சுவருக்குப் பெரிதாகவும் போடக் கொடுத்தேன்.

உம் ஸுஹைப் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அச்சுப் போட்டாள். ஒவ்வொரு தாளாக வெளியே வரும்போது, "இது நீ செஞ்சதா, நீயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அபூ ஸுஹைப் அட்டையை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். மஜ்தி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உம் ஃபவாஸ் வாங்கிப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் எழுந்திருக்கிறானாம்.

ஜூன் 8, ஞாயிறு

ஆல்பம் போய்ச் சேர்ந்தது.

ஜூன் 16, திங்கள்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு ஸ்டூடியோவில் இருந்தேன். உம் ஃபவாஸ் வந்தாள். பெரிய படத்தைச் சட்டத்தோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, வந்ததும் மேஜையில் தட்டென்று வைத்தாள்.

"என் மருமகளுக்குக் கல்யாணம் ஆச்சா, இல்லையா?"

யாருக்கும் புரியவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள். ஷீமாவின் கன்னத்தில் இருந்த கை. மோதிரம். வலது கையில்.

ஃபிளிப்! முகம் திரும்பினால் கையும் திரும்பாதா? மோதிரம் மாற்றியபோது அங்கேயே நின்று படம் எடுத்தவள் நான். தாயையும் மகளையும் எதிரெதிரே உட்கார வைக்கிற ஆசையில் அந்த மோதிரத்தைப் பார்க்கவே இல்லை. ச்சீ!

"வாழ்த்து சொல்ல வந்த என் நாத்தனார் படத்தைப் பார்த்துட்டு, 'என்ன, இன்னும் நிச்சயத்துலதான் நிக்குதா? மோதிரம் திரும்பிப் போச்சே, நல்லதுக்கில்லையே'ன்னு கேட்டா. புதுப்பொண்ணு அறைக்குள்ள போய் அழுதுட்டு இருக்கா. இதைச் செஞ்சது யாரு?"

நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அபூ ஸுஹைப் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க உம் ஃபவாஸ். இந்த ஒரு தடவை ருதைனா கை வச்சுட்டா. அவளுக்கு இது தெரியாத வேலை. இனிமே பழையபடி மஜ்தியே—"

நிறுத்தினார். தாமதமாக நிறுத்தினார்.

"மஜ்தியா? மஜ்தி யாரு?"

"மஜ்தா" என்றார் அவர். வேர்த்துவிட்டது. "மஜ்தா, உள்ள வேலை செய்யற பொண்ணு. கூச்ச சுபாவம், வெளியே வராது."

உம் ஃபவாஸ் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ருதைனா, பொண்ணா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். வேலை இருந்திருக்கும், அந்தச் சித்தி நிம்மதியாக இருந்திருப்பாள், இவளும் இவளுடைய மகள்களும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஆனால் அவள் கேட்டது என்னை. ஹாலில் நின்று நான் பொறுப்பு, நான் பொறுப்பு என்று சொன்ன என்னை.

"மோதிரத்தைத் திருப்பினது நான். தப்பு என்னோடது" என்றேன். "மத்ததுக்கு, ஆள் உள்ளேதான் இருக்கான். கதவைத் திறந்து பாருங்க."

அவள் திறந்தாள். மஜ்தி எழுந்து நின்றான், நாற்காலியை விட்டு, முதல் தடவையாக.

"என் பொண்ணுங்க கல்யாணத்தையும் நீதான் செஞ்சியா?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குனிந்தாள், கம்ப்யூட்டர் பெட்டியின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள், பெட்டியைத் தூக்கி அபாயாவுக்குள் இடுக்கிக்கொண்டாள், நடந்தாள். அபூ ஸுஹைப் குறுக்கே வந்தார். "தொடு பார்ப்போம்" என்றாள். தெருவெல்லாம் பார்க்க அவர் எப்படித் தொடுவார்? டாக்ஸி பிடித்துப் போய்விட்டாள்.

"வெளியே போ" என்றார் என்னிடம்.

"போயிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

வேலை போயிற்று. தூக்கமும் போயிற்று. நான் செய்தது சரிதானா? அந்தச் சித்தி வீட்டில் இன்று என்ன நடக்கிறது?

மோதிரம்! அந்த முட்டாள் மோதிரம்!

ஜூன் 20, வெள்ளி

தொழுகை முடிந்ததும் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் அண்ணன் வீட்டு முன்கூடத்துக்கு வந்தார்கள். அபூ ஸுஹைப்பும் நடுவில். அண்ணன் ஏலக்காய்க் காபி ஊற்றினான். மூத்தவர் கோப்பையை வாங்கினார், குடிக்காமல் முன்னால் கீழே வைத்தார். கேட்க வந்ததைத் தருகிறேன் என்று வீட்டுக்காரன் சொன்னால்தான் அவர் குடிப்பார், அவர் குடித்தால்தான் மற்றவர்கள் குடிப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் கேட்பதற்கும் கொலைப்பகை தீர்ப்பதற்கும் வைக்கிற கோப்பை. இப்போது எனக்காக வைத்திருக்கிறார்கள்.

கேட்டது இதுதான்: மஜ்தி அங்கே படம் திருத்தவில்லை, கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கத்தான் வந்தான், கோபத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று நான் உம் ஃபவாஸிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வேலையும் உண்டு.

அண்ணன் மாடிப்படியில் வந்து நின்றான். "ருதைனா, பெரியவங்க வந்திருக்காங்க. காபி ஆறுது."

"ஆறட்டும்."

"ஏய், ஒரு வார்த்தைதானே?"

"அண்ணா, உன் பொண்ணு கல்யாணத்துக்கும் அவன்தான் திருத்தினான். உன் பொண்டாட்டி ஆடினதை நான்தான் எடுத்தேன்."

கீழே போனான். குரல் ஏறவே இல்லை. நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். கூடத்தில் கோப்பைகள் அப்படியே நிறைந்திருந்தன.

திரும்ப மேலே வந்தான். "பெரியவங்களைக் காபி குடிக்க விடாம அனுப்பிட்டேன். நம்ம வீட்டுல இப்படி நடந்ததே இல்ல" என்றான். பிறகு, "மக்லூபா இருக்கு, கீழ வந்து சாப்பிடு" என்றான்.

ஜூன் 22, ஞாயிறு

உம் ஃபவாஸ் ஆள் அனுப்பினாள். பெட்டி அவள் சமையலறையில், அரிசி மூட்டை பக்கத்தில், துணி போர்த்தி இருக்கிறது. போலீசு கேட்டாலும் தரமாட்டாளாம். "எனக்கு இதைத் திறக்கத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? வா" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு. நோன்பு

இந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது. தினமும் மதியம் உம் ஃபவாஸ் வீட்டில்தான் இருக்கிறேன். சதனாயின் திரையைக் கொண்டுபோய்ப் பெட்டியில் மாட்டியாயிற்று. பெண்கள் வீடு வீடாகச் செய்தி சொல்லி வருகிறார்கள். ஒவ்வொருத்தியின் படங்களையும் அவளிடமே கொடுத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பெட்டியிலிருந்து அழிக்கிறேன். அழித்த பிறகு கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்து காட்டச் சொல்கிறார்கள். மாஸ்க் இல்லை, இது நிஜமான அழிப்பு. இங்கே அதுதான் வேண்டும்.

சிலர் என்னைத் திட்டினார்கள். 'நீதானே சொன்னே' என்றார்கள். கேட்டுக்கொண்டேன்.

இன்று அந்தச் சித்தி வந்தாள். பெயர் மைஸர். புருஷனிடம் அவளே சொல்லிவிட்டாளாம். அவர் ஒரு வாரம் பேசவில்லையாம், அப்புறம் அபூ ஸுஹைப்பின் கடைக் கண்ணாடியை உடைக்கக் கிளம்பினாராம், இவள்தான் கார்ச் சாவியை ஒளித்து வைத்தாளாம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தோள்ல இருந்த மச்சம் எங்கே?"

"அவன் அழிச்சிட்டான்."

"எவன் அவனைக் கேட்டான்?" அவளுக்கு அப்போதுதான் நிஜமான கோபம் வந்தது. "பார்த்தது பத்தாதுன்னு திருத்த வேற செஞ்சானா? திரும்பக் கொண்டு வா."

கார்டிலிருந்து இறக்கிய மூலப்படம் பெட்டியிலேயே இருந்தது. கொண்டுவந்தேன்.

ஜூலை 9, புதன்

உம் ஃபவாஸ் ஷீமாவின் பெரிய படத்தைத் திருத்தித் தரச் சொன்னாள். ஒரே சொடுக்கு. அவள் நம்பவில்லை. "இவ்வளவுதானா? இதுக்கா என் நாத்தனார் நாலு வீடு போய்ப் பேசினா?" என்று இரண்டு தடவை அங்கேயும் இங்கேயும் திருப்பச் சொல்லிப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்தில் அம்மாவுக்கு வேறு படம் தேர்ந்தெடுத்தோம். ஷீமா பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, என் மூக்கை விட்டுட்டீங்களே" என்றாள். குறையாகச் சொன்னாளா, நிறைவாகச் சொன்னாளா தெரியவில்லை. நான் மாற்றவில்லை.

ஜூலை 19, சனி

உம் ஸுஹைப் தையல்கடைக்கு வந்தாள், கதாயிஃப் இனிப்புத் தட்டோடு. ஸ்டூடியோவில் ஆள் வருவதில்லையாம். பலகையை இறக்கிவிட்டார்களாம். மஜ்தி தலைநகர் அம்மானில் ஒரு செல்போன் கடைக்குப் போய்விட்டான். அச்சு இயந்திரம் அவளுடைய அப்பா கொடுத்தது, அவள் பெயரில் இருக்கிறது.

"உங்க கடையில இடம் இருக்குமா?" என்று சதனாயைக் கேட்டாள்.

என்னைப் பார்த்தாள் சதனாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லாம் தெரிந்தே இத்தனை வருஷம் தாள் அடுக்கியவள் இவள். என்னால் உடனே சரி என்று சொல்ல முடியவில்லை. கதாயிஃபும் தின்னவில்லை, சதனாய்தான் தின்றாள்.

ஜூலை 31, வியாழன்

பெருநாள் முடிந்தது. இயந்திரம் தையல்கடைக்கு வந்துவிட்டது, இனி படம் திருத்துவதும் அச்சிடுவதும் இங்கேதான். உம் ஸுஹைப்பும் வந்துவிட்டாள். அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: அச்சோடு நிற்கக் கூடாது, மாஸ்க்கும் லேயரும் கற்றுக்கொள்ள வேண்டும். எகிப்துக்காரரைப் போட்டுவிட்டேன். "ரொம்ப சுலபம், என் கண்ணே" என்றதும் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள்.

பலகை வைக்கவில்லை. பலகை பொய் சொல்லும். வருகிறவர்கள் வந்து, அறையைப் பார்த்து, நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒரு பெண் வந்தாள். பெயர் ரனீம். வியாழக்கிழமை கல்யாணம். முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"முதல்லயே சொல்லிடறேன். நான் மஜ்தியோட தங்கச்சி. எடுப்பீங்களா?"

எடுப்பேன் என்றேன். என்ன நிற உடை, எத்தனை மணிக்கு மாப்பிள்ளை உள்ளே வருவான் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மஜ்தி போன் செய்தான். குரலை உடனே அடையாளம் தெரிந்தது. உடம்பு எப்படி, அண்ணன் எப்படி, சதனாய் எப்படி என்று கேட்டான். எல்லாரும் நலம் என்றேன்.

"அக்கா, நாளைக்கு ரனீம் கல்யாணம்..."

"தெரியும்."

"அந்தக் கார்டு... அப்புறம் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது..."

நான் உதவவில்லை. காத்திருந்தேன்.

"சொல்ல வந்ததை முழுசா சொல்லு மஜ்தி."

"வேற ஆம்பளைங்க யாரும் பார்க்க மாட்டாங்கல்ல?"

கேட்டுவிட்டான். எத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன், இவனைப் பிடித்தால் என்னென்ன சொல்வேன் என்று! ஒன்றும் வரவில்லை. கோபம் இருந்தது. ஆனால் ரனீமின் கையில் கசங்கியிருந்த அந்த தினார்த் தாள்தான் கண்ணில் நின்றது.

"யாரும் பார்க்க மாட்டாங்க" என்றேன். "நீயும் பார்க்க மாட்டே."

"நான் அவ அண்ணன் அக்கா."

"ஹால்ல உன் தங்கச்சி மட்டுமா ஆடப்போறா?"

அவன் பக்கம் ஏதோ தெருவில் கார் ஹாரன். அப்புறம், "சரி அக்கா" என்றான், சின்னக் குரலில்.

போனை வைத்துவிட்டேன். பாட்டரி சார்ஜில் இருக்கிறது. நாளை ஆறு மணிக்கு ஹால்.